மானுக்கென விதைக்கும் அரை ஏக்கரா

நம் நாட்டில் குடியானவர் பரண் கட்டுவது மானையும் பன்றியையும் விரட்டுவதற்கே. காட்டோரக் கொல்லைகளில் நிலக்கடலையும் பயறும் முளைத்து இரண்டிலை விட்டவுடனே இரவுக் காவலும் தொடங்கிவிடும். அங்ஙனமிருக்க, மான் வந்து மேயவேண்டும் என்றே காட்டின் நடுவில் நிலத்தைத் திருத்தி, சுண்ணாம்பிட்டு, விதை விதைத்து, அதனருகே பரண் கட்டிக் காத்திருக்கும் விவசாயிகளும் உலகில் உளர் என்றால் நம் வாசகர்களுக்கு வியப்பாகவே இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கம் மிகவும் பரவியுள்ளது. அங்கு இதனை ‘ஃபூட் பிளாட்’ என்பர். நாம் இதனைத் தீனிக் கொல்லை எனலாம்.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். ஆகையால் நம்மவர் செய்து பார்ப்பதற்காக இதனை எழுதவில்லை. ஆயினும், நிழல் அடர்ந்த புளிப்பு நிலத்தைக் கைக்கருவிகளைக் கொண்டே பயிர் நிலமாக்கும் விதமும், மேய்ச்சலின் அளவைக் கண்டறியும் விதமும் நம் மலைநாட்டு விவசாயிகளும் அறியத்தக்கவையே. அங்கு முதன்மையாக விதைக்கப்படும் வெள்ளை க்ளோவர், நம் நீலகிரிப் புல்வெளிகளிலும் தானாகவே படர்ந்து கிடக்கும் செடிதான்.

இக்கட்டுரைக்கு விஸ்கான்ஸின் மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அது வடபாகத்தில் காடும் தென்பாகத்தில் பால்பண்ணைகளுமாக அமைந்த குளிர்நாடு. அங்குள்ள வெண்வால் மான் நம் புள்ளிமானைவிடப் பருத்தது. ஓடும்போது வாலை நிமிர்த்தி அதன் வெண்மையான அடிப்பாகத்தைக் காட்டுவதால் இப்பெயர் பெற்றது. 1900-ம் ஆண்டையொட்டி அந்நாடு முழுவதிலும் இவ்வினம் ஐந்து லட்சத்துக்கும் குறைந்துபோயிற்று என்பது அறிஞர் மதிப்பு. இறைச்சிக்கும் தோலுக்குமாக வியாபாரிகள் வரைமுறையின்றிக் கொன்றதே காரணம். பிறகு சட்டங்கள் பிறந்தன. வேட்டைப் பருவமும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டன. இன்று ஏறக்குறைய மூன்று கோடி மான்கள் இருப்பதாக மதிக்கின்றனர். அருகிப்போன விலங்கு இன்று பல இடங்களில் பயிரைத் தின்று தீர்க்கும் விலங்காக மாறிவிட்டது. மானை அழைக்கும் கொல்லையைப் பற்றிப் பேசுமிடத்து இதனை மறத்தலாகாது.

முதலாவதாக, அரை ஏக்கரா கொல்லையினால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதைத் தெளிந்துகொள்ளவேண்டும். இவ்வளவு சிறிய நிலம் மான் மந்தையை வளர்க்கும் என்று எண்ணுவோர் பலர். விதை விற்போரும் அவ்வாறே எண்ணும்படி பையின்மேல் பெரிய கொம்புகளுடைய கலைமானின் படத்தை அச்சிடுகின்றனர். கணக்கோ வேறாக இருக்கிறது. வளர்ந்த மான் ஒன்று நாளொன்றுக்கு, உலர்ந்த எடையாகக் கணக்கிட்டால், மூன்று நான்கு ராத்தல் தீனி தின்னும். இலையுதிர் காலத்துப் பசும்பயிர் ஏக்கராவுக்கு 1,000 ராத்தல் உலர்ந்த எடை தருவதாகக் கொள்வோம். அரை ஏக்கராவில் 500 ராத்தல். பத்து மான்கள் நாள்தோறும் வயிறார மேய்ந்தால் இரண்டு வாரத்தில் கொல்லை தரையோடு தரையாகிவிடும். குளிர்காலமோ நான்கு மாதத்துக்குக் குறையாதது. மானின் உண்மையான உணவு காட்டிலுள்ள தளிரும், குச்சியும், பூண்டும், காயுமே ஆகும். நெருங்கி வளர்ந்த மரங்களிற் சிலவற்றை வெட்டி, வெயில் தரையில் விழும்படி செய்தால் முளைக்கும் இளந்தளிர், எந்தக் கொல்லையும் தரமாட்டாத அளவுக்குத் தீனி தரும்.

அப்படியானால் சிறு கொல்லை எதற்கு? மானை ஓரிடத்துக்கு, ஒரு நேரத்தில், அம்பெட்டும் தூரத்தில் வரவழைப்பதற்கே. அதற்குமேல் அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்கலாகாது. ஆகவே, விதையைப்பற்றி எண்ணுமுன் இடத்தைப்பற்றி எண்ணவேண்டும்.

மான்கள் பகலில் அடர்ந்த புதர்களில் படுத்திருந்து, மாலையில் எழுந்து பெரிய சோளவயல்களையும் அல்ஃபால்ஃபா வயல்களையும் நோக்கிச் செல்லும். திறந்த வெளியில் இருட்டியபின்னரே கால் வைக்கும். படுக்கைக்கும் வயலுக்கும் இடையில், வழக்கமாக நடந்து தேய்ந்த தடத்தையொட்டிச் சிறு கொல்லை அமையுமானால், வெளிச்சம் இருக்கும்போதே அவை அங்குச் சற்று நின்று மேயும். 30 கெஜ அகலமும் 80 கெஜ நீளமும் உள்ள துண்டு ஏறக்குறைய அரை ஏக்கரா ஆகும். அகலம் அவ்வளவோடு நிற்பது வில்லாளிக்கு அனுகூலம். பரணுக்கு நேரெதிரே குறுக்குவாட்டில் எங்கு நின்றாலும் மான் கைக்கெட்டாத தூரத்துக்குப் போவதில்லை. நேராக அமையாமல் முழங்கைபோல் வளைந்திருப்பின் இன்னும் நன்று. வளைவுக்கப்பால் என்ன இருக்கிறது என்று காணும் பொருட்டு மான் நடுவிடம்வரை வரும். பொதுச் சாலையிலிருந்து பார்வைக்குத் தெரியும்படி கொல்லை அமைப்பது அறிவீனம். பிறர் அத்துமீறி நுழைவதற்கு அது அழைப்பாகிவிடும்.

நாளொன்றுக்கு நான்கு ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் விழவேண்டும். இதனைப் பொருட்படுத்தாமல் மர நிழலில் விதைத்து, முளை வெளிறி மாய்ந்தபின் விதையைப் பழிப்பவர் அநேகர்.

இனி, நிலம். காட்டைத் திருத்திய இடங்கள் பெரும்பாலும் புளிப்பாகவே இருக்கும். பி.எச். அளவு 5 என்பது அங்கெல்லாம் சாதாரணம். க்ளோவருக்கு 6-க்குக் குறையாமல் இருக்கவேண்டும். 6½ இருந்தால் சிலாக்கியம். புளிப்பு மிகுந்த மண்ணில் இட்ட உரத்திற் பெரும்பங்கு வேருக்குக் கிட்டாமலே போகும். ஆகவே எருமூட்டை வாங்குமுன் மண்ணை வாங்கிப் பார்க்கவேண்டும் என்று அங்குள்ள அனுபவசாலிகள் கூறுகின்றனர். கொல்லையின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆறங்குல ஆழத்துக்கு மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு பங்கைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகின்றனர். மாகாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய விஸ்தரிப்புப் பிரிவு சொற்பக் கட்டணத்துக்கு இதனைச் செய்து, ஏக்கராவுக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று எழுதியனுப்பும்.

ஏக்கராவுக்கு இரண்டு டன் என்று பதில் வந்ததாகக் கொள்வோம். அரை ஏக்கராவுக்கு ஒரு டன், அதாவது அந்நாட்டுக் கணக்கில் 2,000 ராத்தல். லாரி போகமுடியாத காட்டுக்குள் அதனை 40 ராத்தல் பைகளாகவே கொண்டுசெல்லவேண்டும். ஐம்பது பைகள்! தள்ளுவண்டியில் நான்கு நான்காக ஏற்றி, வேர்களின்மேல் தடுக்கித் தடுக்கி அவற்றைக் கொண்டுசேர்ப்பதுதான் இவ்விவசாயத்தின் முழுப்பாடும். விதைப்பு அதற்குமுன் விளையாட்டே. முதலாண்டில் இவ்வேலையைத் தட்டிக்கழித்தவரின் கொல்லையில் இரண்டாமாண்டில் களையும் பாசியுமே விளைந்திருக்கும். சுண்ணாம்பு மண்ணோடு கூடி முழுப்பலனைத் தர ஆறு மாதம் முதல் ஓராண்டு செல்லும். அறுத்து உழ இயலாத நிலத்தில், மேலே தூவிய சுண்ணாம்பு இன்னும் மெதுவாகவே இறங்கும். ஆகையால் வசந்தத்திலேயே அதனைத் தூவிவிடுதல் நலம்.

உழவு இயந்திரம் நுழையாத இடத்தில் நிலம் தயாராவது இவ்வாறு: ஜூலை மாதத்தில் களைகளின்மேல், முதுகில் சுமக்கும் தெளிப்பானைக் கொண்டு கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்கின்றனர். ஆகஸ்டில் மீண்டும் முளைப்பனவற்றுக்கு இன்னொரு முறை. காய்ந்த இலைச்சருகுகளை வாரிக்கொண்டு நன்றாக ஒதுக்கவேண்டும். சருகின்மேல் விழுந்த விதை மண்ணைத் தொடாமலே உலர்ந்துபோகும். பிறகு மழை வருமென்று தெரிந்த நாளுக்கு முன்தினம் விதையைத் தூவி, நின்ற களையை அதன்மேலேயே அறுத்துச் சாய்த்துவிடுகின்றனர். அறுத்த களை ஈரத்தைக் காத்து, பறவைகளின் கண்ணுக்கு விதையை மறைக்கும். உழாத நிலமாதலால் புதைந்துகிடக்கும் பழைய களைவிதைகள் மேலே வருவதுமில்லை.

விதைகளில் முதலாண்டுக்கு உகந்தது ரை என்னும் தானியம். இது கோதுமைக்கு இனமானது. ஏழை நிலத்திலும், புளிப்பு மண்ணிலும், உறையும் குளிரிலும் வளரவல்லது. ரைகிராஸ் என்பது வேறு. அது வெறும் புல். பெயர் ஒற்றுமையால் ஏமாந்து ரைகிராஸ் விதையை வாங்கிக் கொல்லையைக் கெடுத்துக்கொண்டவர் பலர். மான் அதனை அவ்வளவாக விரும்பாது. ஒருமுறை வேரூன்றிவிட்டால் அதனைக் களைவதும் எளிதன்று. ரை தனியே விதைத்தால் ஏக்கராவுக்கு 100 ராத்தல். க்ளோவருக்குத் துணைப்பயிராக விதைத்தால் 50 போதும். விஸ்கான்ஸினில் ஆகஸ்டுக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையில் இதற்குப் பருவம். ஓட்ஸ் இன்னும் இனிமையானதெனினும் முதற் கடுங்குளிரிலேயே மடிந்துவிடும். ஆதலால் வில் வேட்டைக்கு ஓட்ஸும் அதன்பின் பனிக்காலத்துக்கு ரையுமாகக் கலந்து விதைப்பது உண்டு.

டர்னிப், முள்ளங்கி முதலியவற்றை ஜூலைக் கடைசியிலேயே விதைக்கவேண்டும். உறைபனி பட்டபின் இவற்றின் இலையிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி இனிக்கும். அதுவரையில் மான் இவற்றை ஏறெடுத்தும் பாராமலிருக்கலாம். இப்பயிரை முன்பின் அறியாத இடங்களில் முதலாண்டு முழுவதும் தொடாமல் விட்டுவிடுவதும் உண்டு. ஏக்கராவுக்கு ஐந்து ராத்தலுக்கு மேற்படலாகாது. நெருங்கி முளைத்தால் கிழங்கு பருக்காது. ஒரே நிலத்தில் இரண்டாண்டுக்கு மேல் தொடர்ந்து விதைத்தால் வேர்வீக்க நோய் பற்றும்.

நீடித்து நிற்பது வெள்ளை க்ளோவர். நன்றாகப் பேணினால் மூன்று முதல் ஐந்து ஆண்டுவரை இருக்கும். அதன் விதை மிகவும் நுண்ணியது. ஒரு ராத்தலில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட விதைகள் உண்டு. அரை ஏக்கராவுக்கு நான்கு ராத்தல் போதுமானது. கால் அங்குலத்துக்குமேல் புதைந்தால் முளைத்து வெளிவரும் வலு அதற்கில்லை. அவரையினத்தைச் சேர்ந்ததாகையால், வேரில் முண்டு உண்டாக்கும் நுண்ணுயிர்க் கலவையை விதையோடு சேர்க்கவேண்டும். க்ளோவருக்குரிய கலவை வேறு, சோயாவுக்குரியது வேறு என்பதையும் கவனிக்கவேண்டும். முண்டு பிடித்த க்ளோவருக்குத் தழைச்சத்து உரம் இடுவது பணத்தை வீணாக்குவதோடு புல்லையும் வளர்ப்பதாகும்.

பயிர் முளைத்தவுடனே கொல்லையின் நடுவில் ஒரு கூண்டு வைப்பது அவசியம். நான்கடி உயரக் கம்பிவலையை நான்கடி விட்டத்தில் வளைத்து, இரண்டு முளைகளில் கட்டினால் போதும். கூண்டுக்குள் மான் வாய் வைக்க இயலாது. ஒரு மாதம் சென்று உள்ளும் புறமும் பார்த்தால், பயிர் விளையவில்லையா, விளைந்ததை மான் தின்றுவிட்டதா என்பது ஐயமற விளங்கும். உள்ளே முழங்கால் உயரமும் வெளியே ஓரங்குலமும் இருக்குமானால் நிலத்தில் குறையில்லை; மான்தான் மிகுதி. உள்ளும் புறமும் ஒன்றாகவே வாடியிருந்தால் மண்ணைப் பார்க்கவேண்டும். கால்நடை மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் நம்மவரும் இதனைச் செய்து பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்தும் ஒருமான்கூட வாராத ஆண்டு உண்டு. வெள்ளை ஓக் மரங்கள் நிறையக் காய்த்து உதிர்க்கும் ஆண்டில், மான் பச்சைக் கொல்லையைத் திரும்பியும் பாராமல் மரத்தடியிலேயே காயைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். அப்போது வேட்டைக்காரரும் மரத்தடிக்குச் செல்வதன்றி வேறு வழியில்லை.

வில் வேட்டையின் வரலாற்றில் விஸ்கான்ஸினுக்கு ஒரு தனியிடம் உண்டு. மானுக்கென்று தனியான வில் வேட்டைப் பருவம் அந்நாட்டில் முதன்முதல் ஏற்பட்டது 1934-ல், அங்குள்ள கொலம்பியா, ஸாக் என்னும் இரண்டு ஜில்லாக்களிலேயாம். இப்போது அப்பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. துப்பாக்கிப் பருவம் நவம்பரில் ஒன்பது நாள். நவம்பரில் அங்கு வடமேற்குக் காற்றே மிகுதி. ஆகவே பரணைக் கொல்லையின் தென்கிழக்கு ஓரத்தில் அமைத்தால் மனித வாடை மானுக்கு எட்டாது. மாலையில் காற்று ஓய்ந்தபின் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வாடையைச் சுமந்துகொண்டு இறங்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். காற்று மாறிய நாளில் பரணுக்குப் போகாமல் வீட்டில் இருப்பதே புத்தி. நாள்தோறும் ஒரே பரணில் அமர்ந்தால் ஒரு வாரத்துக்குள் மான் நள்ளிரவில் மட்டும் மேயக் கற்றுக்கொள்ளும். மேய்ந்துகொண்டிருக்கும் மான்களைக் கலைக்காமல் இறங்கிப்போக ஒரு பின்வழியும் வேண்டும். மரப்பரணில் ஏறுவதற்கு முன்னமே இடுப்பிலும் தோளிலும் வாரைக் கட்டிக்கொள்ளவேண்டும். அந்நாட்டு வேட்டைக்காரர் பலர் ஊனமுறுவது பரணிலிருந்து விழுவதனாலேயே. அம்பு தைத்தபின் அரை மணி நேரமாவது அசையாமலிருந்து, பிறகே இரத்தத் தடத்தைப் பின்பற்றவேண்டும். விரைந்து துரத்தினால், அருகிலேயே படுத்து உயிர்விடவேண்டிய மான் காயத்தோடு நெடுந்தூரம் ஓடிவிடும்.

எதனை எய்வது என்பதுதான் இனிப் பேசவேண்டுவது. கொம்புள்ள கலையை மட்டும் விரும்பிப் பிணையை விட்டுவிடுவது பழைய வழக்கம். மான் அருகியிருந்த காலத்தில் அது நியாயமே. மந்தை பெருகியபின் அதுவே தீங்காயிற்று. வளமான தீனியுள்ள இடத்தில் வளர்ந்த பிணை ஆண்டுக்கு இரண்டு குட்டி ஈனுவது சாதாரணம். கலைகளை எவ்வளவு குறைத்தாலும் மந்தை குறையாது. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்குப் பராமரிப்பைப் போதித்த ஆல்டோ லியோபோல்டு, 1940-களில் இதனை வற்புறுத்தினார். வடபாகக் காடுகளில் மான்கள் குளிர்காலத்தில் பட்டினியால் மடிவதையும், இளமரங்கள் ஒன்றும் தலையெடுக்காமல் கடிபட்டுப் போவதையும் கண்டவர் அவர். 1943-ல் பிணைகளையும் சுட அனுமதித்தபோது ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் கொல்லப்பட்டன, மக்கள் கொதித்தெழுந்தனர், அவரைக் கடுமையாகத் தூற்றினர். அவர் கூறியது தவறன்று என்பதைப் பின்வந்த அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். இன்று அம்மாகாணம் ஜில்லாதோறும் கொம்பில்லா மான்களுக்கெனத் தனி அனுமதிச் சீட்டுகள் வழங்குகிறது.

தீனிக் கொல்லை வைத்திருப்பவருக்கு இது மற்றவரைவிட அதிகமாகப் பொருந்தும். அரை ஏக்கராவில் கூடும் மான்கள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. அவை அயலார் சோயாவையும் சோளத்தையும் மேய்ந்துவிட்டே திரும்பும். ஒருவர் மானை அழைத்து, பெரிய கொம்புக்காகக் காத்திருந்து, பிணைகளையெல்லாம் போகவிட்டால், அந்தப் பிழையை அனுபவிப்பவர் வேலிக்கு அப்பாலுள்ள பண்ணைக்காரரே. பயிர்ச்சேதத்துக்கு நஷ்டஈடு தரும் திட்டம் அங்கு உண்டு. ஆனால் அதனைப் பெறும் பண்ணைக்காரர் தம் நிலத்தில் வேட்டைக்காரரை அனுமதிக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பிணையினின்று எலும்பு நீக்கி 40 அல்லது 50 ராத்தல் இறைச்சி கிடைக்கும். நான்கு பேருள்ள குடும்பத்துக்கு இரண்டு பிணைகள் குளிர்காலத்தின் பெரும்பகுதிக்கு உதவும். கொம்பைச் சமைத்து உண்பாரில்லை.

மற்றொரு கவலையும் உண்டு. நாள்பட்ட மெலிவு நோய் என்பது மானினங்களின் மூளையைக் கெடுத்துக் கொல்லும் தீராத நோய். 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலிற் காணப்பட்டது. 2002-ல் விஸ்கான்ஸினில் வெளிப்பட்டது. இப்போது முப்பதுக்கு மேற்பட்ட மாகாணங்களில் பரவியிருக்கிறது. கிருமியன்று, ப்ரியான் என்னும் உருத்திரிந்த புரதமே அதற்குக் காரணம். உமிழ்நீராலும் சிறுநீராலும் பரவி மண்ணில் ஆண்டுக்கணக்காகத் தங்கும். ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் நோய் தொற்றுவது எளிது. ஆகையால் நோய் கண்ட ஜில்லாக்களில் தானியத்தைக் கொட்டி மானை அழைப்பது தடுக்கப்பட்டுள்ளது. நிலத்தில் வேர்விட்டு வளர்ந்த பயிர் அத்தடைக்குள் வாராது. தீனி அரை ஏக்கராவில் பரவியிருப்பதால் வாயோடு வாய் சேர்வது குறைவு என்பது உண்மையே. எனினும் கூட்டம் கூட்டுவதில் இரண்டும் ஓரளவு ஒன்றே என்று கூறுவோரும் உளர். அவர் கூற்றைத் தள்ளிவிட முடியாது. நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை அறியப்படவில்லை. ஆயினும் அவ்விடங்களில் எய்த மானின் திசுவைச் சோதனைக்கு அனுப்பி, விடை வரும்வரையில் இறைச்சியை உண்ணாது வைத்திருத்தலே முறை.

வேட்டை முடிந்தபின் கொல்லைக்கு ஓய்வு. பனியின்கீழ் ரை உறங்கும். மார்ச்சு மாதத்தில் பனி உருகி, இரவில் தரை உறைந்தும் பகலில் இளகியும் வரும் சில வாரங்கள் உண்டு. அப்போது மண்ணின் மேற்பரப்பு தேன்கூடுபோல் நுண்துளைகளாக வெடித்திருக்கும். அந்நாட்களில் விடியற்காலையில், தரை இறுகியிருக்கும்போதே, ரைப் பயிரின் நடுவில் க்ளோவர் விதையைக் கையால் வீசிவிட்டு வரவேண்டும். உழவும் வேண்டாம், பரம்பும் வேண்டாம். இரவுக் குளிரும் பகல் வெயிலும் மாறிமாறி வந்து விதையைத் தாமே மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். மே மாதத்தில் ரை இடுப்பளவு உயர்ந்து நிற்கும்போது அதனடியில் கையை விட்டு விலக்கிப் பார்த்தால், மும்மூன்று சிற்றிலைகளாக க்ளோவர் தெரியும். அதன்பிறகு, கதிர் முற்றுமுன் ரையை அறுத்துவிடவேண்டும்.